பால் பொங்கினால்தான் தாலி

கல்யாணத்துக்கு நாள் வைப்பவர்களில் பல வகை உண்டு. சோதிடரைக் கேட்டு வைப்பவர்கள் உண்டு. பெண்ணின் தாய்மாமனுக்கு லீவு கிடைக்கும் நாளைப் பார்த்து வைப்பவர்கள் உண்டு. கட்டட ஒப்பந்தத்தின் நான்காம் நிபந்தனைப் பந்தியைப் பார்த்து நாள் வைத்தவன், எனக்குத் தெரிந்தவரை, இலங்கைத் தீவில் நான் ஒருவன்தான். அந்தப் பந்தியை எழுதியவனும் நானே. (எழுதும்போது என் கையெழுத்து எவ்வளவு அழகாக இருக்கிறது என்று இடையிடையே நிறுத்தி ரசித்ததும் நானேதான்.)

அப்போது எனக்கு இருபத்து மூன்று வயது. புதுக்கடையில் ஒரு பிரக்கிராசியாரிடம் வக்கீல் தொழில் பழகிக்கொண்டிருந்தேன். வைத்தியம் படிக்கிறவன் புத்தகத்தில் உள்ள வியாதியெல்லாம் தனக்கு இருக்கிறது என்று நினைப்பானாம். சட்டம் படிக்கிறவனோ தெருவில் போகிறவனெல்லாம் தன்னை ஏமாற்றத்தான் வருகிறான் என்று நினைப்பான். எனக்கு அது முற்றிய நிலை. கொழும்பு வெயிலில் கழுத்துவரை பட்டன் பூட்டிய கோட்டுடன் ட்ராம் வண்டியில் ஏறி, டிக்கட்டின் பின்பக்கத்தில் அச்சிட்டிருக்கும் நிபந்தனைகளைப் படித்து முடித்த பிறகுதான் உட்காருவேன். அதற்குள் இறங்கும் இடம் வந்துவிடும்.

வெள்ளவத்தையில் கதிரவேலர் என்றொருவர் இருந்தார். கப்பல் கம்பனி ஒன்றில் தலைமைக் கிளாக்கர். பேச்சுக் குறைவு, சொன்ன சொல் மாறாதவர் என்று பெயர். அவருடைய ஒரே மகள் திலகவதியை எனக்குப் பேசினார்கள். முறைப்படி பெண் பார்க்கப் போனேன். தேநீர்க் கோப்பையை வைத்துவிட்டு அவள் நிமிர்ந்து ஒரேயொரு தடவை என்னைப் பார்த்தாள். நான் படித்திருந்த சட்டம் முழுவதும் அந்தக் கணத்தில் மறந்து போனது. வீட்டுக்கு வந்தால் சாப்பாடு இறங்கவில்லை. கட்டினால் இவளைத்தான் கட்டுவது என்று முடிவு செய்தேன். அப்படி முடிவு செய்துவிட்டு, இவளைக் கட்டவே முடியாதபடி ஒரு பத்திரத்தையும் எழுதி வைத்தேன்.

சீதனமாக ஒரு வீடு கட்டித் தருவதாகக் கதிரவேலர் சொன்னார். வேண்டாம் என்று சொல்லும் அளவுக்கு நான் அந்தக் காலத்தில் முன்னேறியிருக்கவில்லை. ரயில் பாதைக்கு இந்தப் பக்கம், கடலைப் பார்த்தபடி ஒரு காணி. கட்டப் போகிறவர் கொட்டாஞ்சேனைச் சவிரிமுத்து பாஸ். (தலைமை மேசனைக் கொழும்பில் பாஸ் என்பார்கள்.) பெரிய உடம்பு, பளபளக்கும் வழுக்கைத் தலை, இரண்டு வசனத்துக்கு ஒரு தடவை அந்தோனியாரைக் கூப்பிடும் வழக்கம். ஒப்பந்தத்தை வேறு யாராவது எழுதியிருக்கலாம். "வெளியாள் எதுக்கு, மாமா? நானே எழுதித் தாறன்" என்று முந்திக்கொண்டு சொன்னேன்.

கட்டட ஒப்பந்தம் மட்டும் எழுதியிருந்தால் பரவாயில்லை. கதிரவேலர் வீடு தருகிற கடமை, பாஸ் வீடு கட்டுகிற கடமை, நான் தாலி கட்டுகிற கடமை, மூன்றையும் ஒரே பத்திரத்தில் போட்டேன். வாசித்துப் பார்த்த பிரக்கிராசியார் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"கல்யாணத்தையும் கட்டடத்தையும் ஒரே கயித்திலை கட்டாதையும். ஒண்டு விழுந்தால் மற்றதையும் இழுத்துக்கொண்டு விழும்" என்றார்.

வயது போனவருக்குப் புதிய சிந்தனை பிடிக்கவில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

ஒப்பந்தம் கைச்சாத்தான மாலையில் கதிரவேலர் வீட்டு விறாந்தையில் நாங்கள் மூவரும் மேசையைச் சுற்றி உட்கார்ந்திருந்தோம். கதவுத் திரைக்குப் பின்னால் திலகவதி நிற்பது தெரிந்தது. திரைக்குக் கீழே இரண்டு பாதங்கள் இருந்தன. என் குரல் தானாகவே ஒரு படி உயர்ந்தது.

வழமையான கட்டட ஒப்பந்தங்களில் ஒரு பந்தி வரும். போர், கலகம், வெள்ளம், அரசாங்க ஆணை, இன்னும் மனிதர் எதிர்பார்க்க முடியாத எந்தச் சம்பவத்தாலும் வேலை தடைப்பட்டால், தடை நீங்கும்வரை கெடு நீளும் என்று அது சொல்லும். அதை நான் உரத்து வாசித்தேன். பிறகு சிவப்பு மைப் பேனையை எடுத்தேன்.

"இதெல்லாம் வேலையை இழுத்தடிக்கிறவைக்கு வசதியான சாட்டு, மாமா. ஒவ்வொண்டா வெட்டுவம்."

"வெள்ளமும் வேண்டாமோ?" என்று கேட்டார் கதிரவேலர்.

"கடல் பக்கத்திலைதானே இருக்கு. மழைத் தண்ணி தன்ர பாட்டிலை போயிடும்." வெட்டினேன்.

"கலகம்?"

"வெள்ளைக்காரன் இருக்கேக்கை என்ன கலகம்?" வெட்டினேன்.

"தம்பி, யுத்தம் நடக்குதல்லோ?" என்றார் சவிரிமுத்து பாஸ் மெதுவாக.

"அது ஐரோப்பாவிலை, பாஸ். சிங்கப்பூர்க் கோட்டை இருக்கும்வரைக்கும் இஞ்சை ஒரு காகமும் பறந்து வராது." போரையும் வெட்டினேன்.

"அரசாங்க ஆணை?"

"கவர்னர் துரைக்கு எங்கட வீட்டிலை என்ன அலுவல்?"

"அந்தோனியாரே!" என்றார் பாஸ். "தம்பி, மனுசரை விடுங்கோ. மேலை கடவுள் எண்டு ஒருத்தர் இருக்கிறாரே. அவருக்காவது ஒரு வரி விடுங்கோவன்."

"அவருக்கும் விலக்கு இல்லை" என்றேன் நான்.

திரைக்குப் பின்னால் ஒரு சிரிப்பு அடக்கப்படுவது கேட்டது. என் புத்தியை மெச்சித்தான் சிரிக்கிறாள் என்று மனம் குளிர்ந்தேன். (அந்தக் கருத்தை நான் மாற்றிக்கொள்ளச் சில மாதங்கள் ஆயின.)

பிறகு நான்காம் பந்தி. வீடு பூர்த்தியாகும் முன் கல்யாணம் இல்லை. வருகிற ஆவணி முடிவதற்குள் பூர்த்தியாகாவிட்டால் பேச்சு முறிந்தது, இரு பகுதியும் வேறிடம் பார்க்கலாம். பாஸை விரட்டுவதற்காகப் போட்ட வரி அது. என்னை நானே விரட்டுவேன் என்று யார் கண்டது? அடுத்ததாக, பூர்த்தி என்றால் என்ன என்ற கேள்வி வந்தது. கதவுக்குக் குமிழ் பூட்டவில்லை, சுவரில் ஒரு பூச்சு வர்ணம் குறைவு என்று பின்னால் வழக்காடக் கூடாதே. கதிரவேலர்தான் வழி சொன்னார்.

"எங்கட ஆக்களுக்குப் பால் காய்ச்சினால்தான் வீடு."

சரி என்று அதையே எழுதினேன். அந்த வீட்டு அடுப்பில், புதுப் பானையில், பால் பொங்கி வழிவதை மணமக்கள் தவிர்ந்த இருவர் கண்ணால் காண வேண்டும். கண்ட அன்றே வீடு பூர்த்தி. மூவரும் ஒப்பமிட்டோம். கதிரவேலர் ஒப்பமிடும்போது என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். தன்னுடைய வாய்ச்சொல்லை நம்பாமல் கெடு எழுதி வாங்கிய மருமகனை ஒரு மாமனார் எப்படிப் பார்ப்பாரோ அப்படி. அது எனக்கு உறைக்கவில்லை.

அத்திவாரம் போட்டாயிற்று. சுவர் எழும்பியது. நான் ஞாயிறுதோறும் கோட்டுடன் போய்ச் செங்கற்களைத் தட்டிப் பார்ப்பேன். (செங்கல்லைத் தட்டினால் என்ன தெரியும் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.) சமையலறையில் பாஸ் ஒரு மேடை அடுப்புக் கட்டினார். மேலே அடுப்பு, கீழே விறகு வைக்க ஒரு பெரிய குகை. ஒரு ஆட்டுக்குட்டியையே கட்டி வைக்கலாம்.

அப்போது சிங்கப்பூர் விழுந்தது. செய்தித்தாளை விரித்து வைத்துக்கொண்டு, சிவப்பு மை பட்டிருந்த என் விரலையே பார்த்தபடி இருந்தேன். பிறகு ஒரு காலைப்பொழுதில் கொழும்பின்மேலேயே குண்டு விழுந்தது. காகம்கூடப் பறந்து வராது என்று நான் சொன்ன வானம். நகரம் பெட்டி படுக்கையோடு ரயிலேறியது. பாஸின் மேசன்மாரும் தச்சரும் அவரவர் ஊருக்கு ஓடிவிட்டார்கள். சீமெந்துக்குக் கட்டுப்பாடு வந்தது. கூரை ஓட்டுக்கு வழியில்லை. சுவர்கள் மாத்திரம் கடலைப் பார்த்தபடி வாய் திறந்து நின்றன.

அது போதாதென்று ஒரு மத்தியானம் சவிரிமுத்து பாஸ் வியர்க்க விறுவிறுக்க நான் தொழில் பழகும் கந்தோருக்கு ஓடி வந்தார்.

"தம்பி, கடவுளே வந்து மறிச்சாலும் வீட்டை முடிக்க வேணும் எண்டு எழுதினீங்கள். கடவுள் வரேல்லை. ராசா வந்திட்டார்."

"எந்த ராசா?"

"இங்கிலாந்து ராசாதான். வளவுக்குள்ளை ஆமி நிக்குது. கடலைக் காவல் பாக்கிறதுக்கு எங்கட வீட்டை எடுத்திட்டாங்கள். என்ர சாந்துக் கரண்டியை எடுக்கக்கூட விடேல்லை."

அரசாங்க ஆணை. நான் இரண்டு கோடு போட்டு வெட்டியது.

பிரக்கிராசியாரிடம் ஓடினேன். அவர் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் தாங்கியிருப்பேன்.

"அந்தப் பந்தி ஏன் இருக்குது எண்டு இப்ப விளங்குதோ? எதிர்பாராதது நடந்தால் கடமை செத்துப் போறதில்லை, படுத்து நித்திரை கொள்ளும். தடை போனதும் எழும்பி வேலைக்குப் போகும். நீர் அதுக்குப் படுக்கப் பாயே குடுக்கேல்லை."

"பாஸ் என்ன செய்யிறது, சேர்?"

"அவரைச் சட்டம் ஒருவேளை விட்டுவிடும். ஆமி பிடிச்ச வளவுக்குள்ளை அவர் எப்பிடிக் கால் வைக்கிறது? செய்ய ஏலாததைச் செய் எண்டு நீதிமன்றம் சொல்லாது. உம்மைக் காப்பாத்தத்தான் ஒரு சட்டமும் இல்லை. உம்முடைய கல்யாணத்துக்குக் கெடு வைச்சது கவர்னரும் இல்லை, எதிரியும் இல்லை."

கதிரவேலரிடம் போய், கெடுவைக் கொஞ்சம் நீட்டுவோமா என்று கேட்டேன். என் வாழ்நாளில் அவ்வளவு பணிவாக நான் எதையும் கேட்டதில்லை.

"எழுதினது நீங்கள், தம்பி" என்றார். "வெட்டினதும் நீங்கள். நான் ஒப்பம் வைச்சனான். ஒப்பம் வைச்சிட்டு மாறிக் கதைச்சுப் பழக்கமில்லை. வீடில்லாமல் பிள்ளையைக் குடுத்தால் நாளைக்கு என்னைத்தான் வாக்குத் தப்பினவன் எண்டு சொல்லுவினம்."

கிருலப்பனையில் வைத்தியம் பார்க்கும் ஒரு அப்போதிக்கரி இருந்தார். சொந்த வீடு, தங்கமான குணம், வீடும் கேட்கவில்லை, கெடுவும் கேட்கவில்லை. ஆவணி கழிந்தால் திலகவதியைத் தனக்குத் தருவீர்களா என்று அவர் பகுதியால் விசாரித்திருப்பதாகக் கதிரவேலர் மிக மரியாதையாகச் சொன்னார். அந்த மனிதரில் ஒரு குறையாவது கண்டுபிடிக்க வேண்டும் என்று கிருலப்பனை முழுக்க விசாரித்தேன். எல்லோரும் அவருடைய கைராசியைத்தான் புகழ்ந்தார்கள்.

அதற்குப் பிறகு ஞாயிறுதோறும் கடற்கரைப் பக்கம் போய், முட்கம்பிக்கு வெளியே நின்று, எனக்குச் சொந்தமாக இருந்திருக்க வேண்டிய சுவர்களைப் பார்த்துக்கொண்டு நிற்பேன். வாசலில் நிற்கும் சிங்களக் காவல்காரன் ஆரம்பத்தில் என்னை உளவாளி என்று சந்தேகப்பட்டான். பிறகு விசயத்தைக் கேட்டறிந்து, "பவ், மாத்தயா" என்று பாவப்பட்டான். அவன் பாவப்பட்டது உளவாளி என்று பிடித்துக் கொடுப்பதைவிட வலித்தது.

ஆனி மாதத்தில் ஒரு ஞாயிறு போனபோது சுவரின்மேல் பலகை அடித்திருந்தது. அடுத்த தடவை கம்பி கட்டியிருந்தது. அதற்கடுத்த தடவை வீட்டுக்கு மேலே கொங்கிறீட் கூரை! ஊரெல்லாம் ஒரு கை சீமெந்துக்கு அலைகிற காலத்தில், முழங்கை அளவு தடிப்பில் ஒரு கூரை. அதன்மேல் இரண்டு சிப்பாய்கள் தூரதிருஷ்டிக் கண்ணாடியோடு நின்றார்கள். வாசலுக்குக் கதவு போட்டிருந்தது. சமையலறையிலிருந்து தேநீர் மணம் வந்தது.

கம்பியைப் பிடித்தபடி அப்படியே நின்றேன். பிறகு கத்தினேன். "பூர்த்தி! பூர்த்தி!" காவல்காரன் துவக்கைத் தூக்கிவிட்டான்.

என் பத்திரத்தில் வீட்டை யார் முடிக்க வேண்டும் என்று நான்காம் பந்தியில் ஒரு சொல்லும் இல்லை. யார் குடியிருக்க வேண்டும் என்றும் இல்லை. அடுப்பு, பானை, பால், இரண்டு சாட்சி. அவ்வளவுதான். ஓட்டமும் நடையுமாகக் கதிரவேலரிடம் போனேன். அவர் பத்திரத்தை வாங்கி, விரலால் வரிவரியாகத் தொட்டு வாசித்தார்.

"ஆமிக்காரன்ர அடுப்பிலையோ?"

"அடுப்பு பாஸ் கட்டினது, மாமா."

பத்திரத்தை மடித்தார். உள்ளே வளையல் சத்தம் கேட்டது. "சரி" என்றார் கடைசியில். "எழுதினபடி. ஆனால் பொங்கி வழிய வேணும். சும்மா சுட்டால் போதாது."

இனி ஆமியிடம் அனுமதி வாங்க வேண்டும். அந்தக் காவலிடத்துக்குப் பொறுப்பான வெள்ளைக்காரச் சார்ஜனுக்கு, சட்ட ஆங்கிலத்தில் ஒரு மனு எழுதிக்கொண்டு போனேன். முதல் பக்கம் முழுவதும் ஒரே வசனம். வெயிலில் சிவந்த முகத்தோடு அவன் அதை இரண்டு தடவை வாசித்தான்.

"இதில் யாராவது சாக வேண்டியிருக்கிறதா?" என்று கேட்டான்.

இல்லை, பால்தான் கொதிக்க வேண்டும் என்று விளக்கினேன். பால் பொங்காவிட்டால் எனக்குக் கல்யாணம் நடக்காது என்றதும் மனுவை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்தான். அவனுடைய கல்யாணமும் யுத்தத்தால் தள்ளிப் போயிருந்ததாம். பெண் அங்கே, இவன் இங்கே. கடலைப் பார்த்துக்கொண்டுதான் அதைச் சொன்னான். எனக்கு அவன்மேல் திடீரென்று பெரிய அன்பு வந்தது. மூன்று நிபந்தனை போட்டான். புகை வரக்கூடாது, எதிரிக்கு இடம் தெரிந்துவிடும். மத்தியானச் சாப்பாட்டுக்கு முன் அடுப்பை விட்டுவிட வேண்டும். அபாயச் சங்கு ஊதினால் எல்லோரும் வளவில் வெட்டியிருக்கும் பதுங்குகுழிக்கு ஓட வேண்டும். மூன்றுக்கும் தலையாட்டினேன். (இந்த முறை எதையும் வெட்டவில்லை.)

ஆவணியும் முடிகிற நேரம். ஒரு நல்ல நாள் காலை முட்கம்பி வாசலால் எங்கள் ஊர்வலம் உள்ளே போனது. முன்னால் கதிரவேலர் திருநீற்றோடும் சால்வையோடும். பின்னால் சவிரிமுத்து பாஸ், கொட்டாஞ்சேனைத் தேர்த் திருவிழாவுக்கு உடுக்கும் வெள்ளைக் கோட்டில். அவர் கையில் மஞ்சள் பூசிய புதுப் பானை. அடுத்து நான், பத்திரத்தை நெஞ்சோடு அணைத்தபடி. கடைசியாகத் திலகவதி, பால் செம்போடு. சிப்பாய்கள் வரிசையாக நின்று தொப்பியைக் கழற்றினார்கள். ஏதோ மரணச் சடங்கு என்று யாரோ சொல்லியிருக்க வேண்டும்.

புகை வராமல் இருக்கச் சிரட்டைக் கரியில் அடுப்பு மூட்டினோம். சிரட்டைக் கரிக்கு அவசரம் தெரியாது. திலகவதி விசிறினாள். கதிரவேலர் மணிக்கூட்டைப் பார்த்தார். பாஸ் சிலுவை போட்டுக்கொண்டார். சாப்பாட்டு நேரம் நெருங்கியது. ஆமிச் சமையல்காரன் கதவடியில் ஒரு கூடை உருளைக்கிழங்கோடு வந்து நின்று முறைத்தான். சும்மா இருந்திருக்கலாம். நான் பத்திரத்தை விரித்து, சாட்சிகள் செய்ய வேண்டியது என்னவென்று பிரசங்கம் செய்யத் தொடங்கினேன்.

பாலின் ஓரத்தில் மெல்லிய நுரை கட்டத் தொடங்கிய நேரம் அபாயச் சங்கு அலறியது.

அப்போது ஒரு குரல் கேட்டது. திலகவதி என்னோடு பேசிய முதல் வார்த்தை அதுதான்.

"பானையை விட்டிட்டு ஓடாதேங்கோ!"

அந்தக் குரலை நான் எங்கிருந்து கேட்டேன் என்று நினைக்கிறீர்கள்? வளவின் நடுவிலிருந்து. கால் எப்போது கிளம்பியது என்று எனக்கே தெரியாது. பள்ளிக்கூட ஓட்டப் பந்தயத்தில் எப்போதும் கடைசியாக வருபவன், அன்று பயிற்சி பெற்ற சிப்பாய்களை முந்தினேன். பத்திரத்தை மட்டும் விடவில்லை. பதுங்குகுழிக்குள் தலைகுப்புற விழுந்தேன். எனக்கு மேலே கனமாக ஒன்று வந்து விழுந்தது. வாயிலிருந்த மண்ணைத் துப்பிவிட்டுப் பார்த்தால் வருங்கால மாமனார்.

"மாமா, அடி கிடி பட்டிட்டுதோ?"

"பிள்ளை எங்கை?" என்றார் அவர்.

வெட்கம் என்றால் என்ன என்று அந்தக் குழிக்குள்தான் அறிந்தேன். இவளுக்காகச் சாப்பாடு இறங்காமல் கிடந்தவன், இவளைக் குண்டுக்குக் கீழே விட்டுவிட்டுப் பத்திரத்தைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்திருக்கிறேன். எழுந்து வெளியே பாய்ந்தேன். ஒரு சிப்பாய் இழுத்தான். அவன் கையில் வேட்டித் தலைப்பு, என் கையில் பத்திரம். நான் முன்னால் போகப் போக வேட்டி பின்னால் போனது. கடைசியில் இரண்டு பேர் என் முதுகின்மேல் உட்கார்ந்துகொண்டார்கள். நிபந்தனை நிபந்தனைதானாம்.

சார்ஜன் மட்டும் அவளை இழுத்து வர வீட்டுக்குள் ஓடினான். அவன் திரும்பி வரவில்லை. அவளும் வரவில்லை. கதிரவேலர் கண்ணை மூடிக்கொண்டு முருகா முருகா என்றார். நானும் சேர்ந்து சொன்னேன். விலக்குக் கொடுக்க மறுத்த கடவுளை எந்த முகத்தோடு கூப்பிடுவது என்று யோசிக்க நேரமிருக்கவில்லை.

கடைசியில் அபாயம் நீங்கிய சங்கு ஊதியது. அது வெறும் ஒத்திகை என்று பிறகு தெரிந்தது. வேட்டியைச் சுற்றிக்கொண்டு ஓடினேன். சமையலறை வாசலில் திலகவதி நின்றாள். நெற்றியில் கரி, கையில் விசிறி, முகமெல்லாம் வியர்வை. அவள் ராசாத்தி மாதிரி நின்றாள், அவ்வளவுதான் சொல்ல முடியும்.

"பொங்கிட்டுது" என்றாள்.

கதிரவேலர் மூச்சு வாங்கியபடி வந்தார். மகளை மேலும் கீழும் பார்த்தார். கண் கலங்கியிருந்தது. ஆனாலும் அவர் கதிரவேலர். "கண்டது ஆர்?" என்று கேட்டார்.

சார்ஜன் முன்னால் வந்து நிமிர்ந்து நின்றான். இழுத்து வரத்தான் போனானாம். "ஒரு நிமிசம், பால்" என்று இவள் ஆங்கிலத்தில் அதட்டியதும் நின்றுவிட்டானாம். பால் எழும்பிய விதத்தை இரண்டு கையையும் மெல்ல மெல்ல உயர்த்திக் காட்டினான். வழிந்த இடத்தில் "ஹோ!" என்றும் சொன்னான்.

"அது ஒண்டு. மற்றச் சாட்சி?"

நான் பத்திரத்தை இன்னொரு தடவை புரட்டினேன். அந்த நேரம் அடுப்பு மேடைக்குக் கீழேயிருந்து முனகல் கேட்டது. விறகுக் குகையிலிருந்து முதலில் வெள்ளைக் கோட்டுக் கையொன்று வந்தது, பிறகு சவிரிமுத்து பாஸின் தலை. வழுக்கை முழுவதும் பால் வழிந்து, புருவத்தில் ஆடை படிந்து கிடந்தது.

"குழிமட்டும் ஓட இந்த உடம்பு விடாது, ஐயா. கிட்ட இருந்ததுக்குள்ளை பூந்திட்டன். ஆனால் கண்ணை மூடேல்லை."

"எந்தப் பக்கமாய் வழிஞ்சது?" என்று கேட்டார் கதிரவேலர். கிழக்கென்றால் நல்லது, வடக்கென்றாலும் குற்றமில்லை.

"என்ர பக்கமாய், ஐயா."

கதிரவேலர் மகள் பக்கம் திரும்பினார். "சங்கு ஊதினால் ஓட வேணும் எண்டு தெரியாதோ, பிள்ளை?"

"ஓடலாம் எண்டு பத்திரத்திலை எங்கை அப்பா கிடக்கு?" என்றாள் திலகவதி. "யுத்தத்தை அவர்தானே வெட்டினவர்?"

கதிரவேலர் சிரித்ததை அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தேன். சிரித்துச் சிரித்துச் சுவரில் சாய்ந்துகொண்டார். பாஸ் சிரித்தார், சார்ஜன் ஒன்றும் விளங்காமலே சிரித்தான், சமையல்காரன் உருளைக்கிழங்கைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தான். மண் அப்பிய முகத்தோடு நானும் சிரித்தேன். வென்றுவிட்டோம்! யுத்தம், அரசாங்க ஆணை, என் புத்திசாலித்தனம் மூன்றையும் ஒரு பானைப் பாலால் வென்றுவிட்டோம். சார்ஜன் பதவியோடு தன் பெயரை எழுதி ஒப்பமிட்டான். பாஸின் ஒப்பத்தில் ஒரு பால் துளி விழுந்து காய்ந்தது.

ஆவணி முடிவதற்குள் தாலி கட்டினேன். சார்ஜன் ஒரு பெட்டி நிறைய டின்பாலோடு வந்து முன்வரிசையில் உட்கார்ந்தான். அப்போதிக்கரியும் வந்து மனமார வாழ்த்திவிட்டுப் போனார். (அவருக்கும் அடுத்த வருடமே நல்ல இடத்தில் அமைந்தது. பிறகு எங்கள் பிள்ளைகளின் இருமலுக்கெல்லாம் அவர் மருந்துதான்.) யுத்தம் முடிந்து ஆமி போன பிறகு வீட்டுக்குக் குடிபுகுந்தோம். அந்தத் தெருவில் எல்லாக் கூரையும் மழைக்கு ஒழுகும். எங்களுடையது ஒழுகியதே இல்லை. மேலே ஆமிக்காரர் விட்டுப்போன இரும்புக் கொளுக்கிகளில் கயிறு கட்டித் திலகவதி உடுப்புக் காயப்போடுவாள்.

நான் பின்னர் எழுதிய கட்டட ஒப்பந்தங்களில் எதிர்பாராத சம்பவங்களின் பந்தி மாத்திரம் ஒன்றரைப் பக்கம் வரும். வெட்டச் சொல்லி வந்தவர்களை வேறு பிரக்கிராசியாரிடம் போகச் சொல்லிவிடுவேன்.

எங்கள் குடும்பத்தில் யார் புதுவீடு கட்டிப் பால் காய்ச்சினாலும் எனக்கென்று ஓர் இடம் உண்டு, அடுப்புக்குப் பக்கத்தில், வாசலுக்கு எதிர்ப்புறமாக. நுரை கட்டத் தொடங்கியதும் பிள்ளைகளில் ஒருவர் சங்கு மாதிரி ஊதுவார். பெறாமக்கள், சம்பந்தி வீட்டார், ஐயர் எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்ப்பார்கள். திலகவதி கண்ணைப் பானையில் வைத்தபடியே கையை நீட்டி என் சால்வைத் தலைப்பை இறுக்கிப் பிடித்துக்கொள்வாள். எனக்கு இப்போது ஓடுகிற எண்ணமும் இல்லை, முழங்காலும் இல்லை. ஆனாலும் அவள் பிடி கொஞ்சம் தளர்வதுபோல் தெரிந்தால், ஒரு காலை மெல்ல வாசல் பக்கம் எடுத்து வைப்பேன்.